மூளைக் காய்ச்சல்: ஜுரம் விட்ட பிறகும் ஊசி எதற்கு?

'காய்ச்சல் விட்டு மூணு நாளாச்சு. பையன் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடறான். இன்னும் ஒரு வாரம் ஊசி போடணும்னு ஆஸ்பத்திரியிலேயே வெச்சிருக்காங்களே... மாத்திரையா எழுதிக் கொடுத்தா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமே ஐயா?'

மூளைக் காய்ச்சலுக்காகப் பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்திருக்கும் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. இதற்கு முன்பே, சேர்த்த அன்றைக்கே இன்னொரு கேள்வியும் வந்திருக்கும். 'முதுகுல ஊசி குத்தித் தண்ணி எடுக்கணும்ங்கறாங்க. எடுத்தா கால் விளங்காமப் போயிடுமாமே?'

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் நீரில்! அந்த நீரின் குணம் தெரிந்துவிட்டால் டாக்டர் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

'சித்த வைத்தியருக்கு ஆன்டிபயாடிக் பற்றி என்ன பேச்சு?' என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வைத்தியத்தில் சூரணத்தையோ பற்பத்தையோ சும்மா வாயில் போட்டுக்கொள்ளச் சொல்வதில்லை. தேனில் குழைத்து, நெய்யில் குழைத்து, வெந்நீரில் கலந்து என்று அனுபானத்தோடுதான் தருவோம். மருந்து நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம்தான் அதற்குக் காரணம். மூளைக் காய்ச்சலில் அந்தக் கேள்விதான் உயிரா, சாவா என்பதையே தீர்மானிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு டம்ளர் நீர்

மண்டை ஓட்டுக்குள் மூளை சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. இதற்கு மூளைத் தண்டுவட நீர் என்று பெயர். மூளையின் உள்ளறைகளில் இருக்கும் ரத்தக் குழாய்ப் பின்னல்களில்தான் பெரும்பாலும் இது ஊறுகிறது. மூளையைச் சுற்றி, முதுகெலும்புக்குள் இறங்கி, கடைசியில் ரத்தத்திலேயே போய் வடிந்துவிடுகிறது.

பெரியவர்களுக்கு எந்த நேரத்தில் அளந்தாலும் இது சுமார் 150 மில்லிதான் இருக்கும். ஒரு டம்ளர் காபி அளவு! ஆனால் ஒரு நாளைக்கு ஊறுவதோ சுமார் 500 மில்லி. அதாவது தினமும் மூன்று, நான்கு முறை பழசு போய்ப் புதுசு வருகிறது.

பார்வைக்குக் குழாய்த் தண்ணீர் போல இருந்தாலும், ரத்தத்துக்கும் இதற்கும் ரொம்ப வித்தியாசம். ரத்த நீரில் 100 மில்லிக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்கும். தண்டுவட நீரில் 15 முதல் 45 மில்லிகிராம்தான். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். இங்கே 5-க்கு மேல் இருப்பதில்லை. சர்க்கரையும் ரத்தத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ரத்தத்தில் இருந்தது, நீரில் இல்லை!

1942 ஆகஸ்ட். லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் ஒருவர் மூளை உறைக் காய்ச்சலில் கிடந்தார். கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அப்போதிருந்த சல்ஃபா மருந்துகள் கைகொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தவர்தான், அதே மருத்துவமனையில் வேலை பார்த்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங். பென்சிலினைக் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங்!

அன்றைக்குப் பென்சிலின் கடையில் கிடைக்காது. ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி என்ற விஞ்ஞானியின் குழுதான் சிறுகச் சிறுகத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஃபிளெமிங் அவரிடம் கேட்டு வாங்கி, நோயாளிக்குத் தசையில் ஊசியாகப் போட்டார். கொஞ்சம் தெளிவு வந்தது. ஆனால் முழுசாகக் குணமாகவில்லை.

ஃபிளெமிங் ரத்தத்தையும் தண்டுவட நீரையும் எடுத்துச் சோதித்தார். ரத்தத்தில் கிருமியை அடக்கும் சக்தி இருந்தது. தண்டுவட நீரில் அது இல்லை. மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது. நோய் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை! உடனே முதுகுத் தண்டின் வழியாக நேரே அந்த நீருக்குள்ளேயே பென்சிலினைச் செலுத்தினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். 1943-ல் 'லான்செட்' இதழில் இந்த விவரங்களை ஃபிளெமிங்கே எழுதினார்.

இவ்வளவு காலம் கழித்தும் மூளைக் காய்ச்சல் வைத்தியத்தின் அடிப்படைப் பாடம் இதுதான்.

கதவு ஏன் மூடியிருக்கிறது?

உடம்பின் மற்ற இடங்களில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கும். மருந்து அதன் வழியாகக் கசிந்து போய்விடும். மூளையில் அப்படியில்லை. அங்கே செல்லுக்குச் செல் நெருக்கித் தைத்த மாதிரி ஒட்டியிருக்கும். ரத்தத்தில் வரும் கண்ட கண்ட பொருளும் மூளையைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது.

கொழுப்பில் எளிதில் கரையும் சிறிய பொருள்கள் இந்தச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும். மது குடித்த கொஞ்ச நேரத்திலேயே தலை கிறுகிறுப்பது இதனால்தான். பென்சிலினுக்கு அந்தக் குணம் கிடையாது. ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் பென்சிலின் 100 பங்கு இருந்தால், தண்டுவட நீரில் 1 அல்லது 2 பங்குதான் இருக்கும். அதையும் வெளியே இறைத்துக் கொட்ட ஒரு பம்ப் மாதிரியான அமைப்பு அங்கே வேலை செய்கிறது.

'அப்படியானால் மருந்தே போகாதே! எப்படிக் குணமாகிறது?' என்று கேட்பீர்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். மூளை உறையில் கிருமி புகுந்து வீக்கம் வந்ததும் அந்தத் தையல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. பம்ப்பும் மந்தமாகிறது. 1, 2 பங்காக இருந்த பென்சிலின் 5, 10 பங்காக ஏறுகிறது. நோய் திறந்துவிட்ட கதவு வழியாகவே மருந்தும் நுழைகிறது!

அதற்கும் ரத்தத்தில் மருந்து ஏராளமாக இருக்க வேண்டும். நிமோனியாவுக்கு செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஊசி மருந்தைப் பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 1 அல்லது 2 கிராம் தருவார்கள். மூளை உறைக் காய்ச்சலுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம். ஆக 4 கிராம். அதுவும் நேரே ரத்தக் குழாயில். 'இவ்வளவு பவரா கொடுக்கிறாங்களே!' என்று பயப்பட வேண்டாம். ரத்தத்தில் அவ்வளவு இருந்தால்தான் உள்ளே போதிய அளவு சேரும்.

மாத்திரையாகத் தந்தால் ரத்தத்தில் இந்த அளவு ஏறுவதில்லை. வழக்கமாகத் தொண்டை வலிக்கும் புண்ணுக்கும் சாப்பிடுகிற செஃபலெக்சின் போன்றவை மூளை உறைக் காய்ச்சலுக்கு உதவாது.

உள்ளே போனாலும் சண்டை லேசில்லை

மருந்து எப்படியோ உள்ளே போய்விட்டது. இனி வேலை முடிந்ததா? இல்லை. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கணக்கு இப்போது வருகிறது.

மற்ற இடங்களில் ஆன்டிபயாடிக் தனியாகப் போராடுவதில்லை. கிருமியை அது கொஞ்சம் தளர்த்தினாலே போதும், மீதியை நம் வெள்ளை அணுக்களும் எதிர்ப்புப் புரதங்களும் பார்த்துக்கொள்ளும். தண்டுவட நீரில் அந்தப் படையே இல்லை. நோய் வந்த பிறகு வெள்ளை அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஓடி வருகின்றன. ஆனால் கிருமியைப் பிடித்து விழுங்குவதற்குத் துணை செய்யும் எதிர்ப்புப் புரதங்கள் அங்கே மிகக் குறைவு. அதனால் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகிற மருந்து மட்டும் இங்கே போதாது. கொன்றே போடுகிற மருந்து வேண்டும்.

அந்த மருந்தும் சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லும் அளவில் இருந்தால் பற்றாது. அதைப் போல 10 மடங்காவது தண்டுவட நீரில் இருந்தால்தான் கிருமி வேகமாகச் சாகிறது என்று முயல்களில் செய்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

இன்னொரு சிக்கல். இந்த நீரில் சத்துக் குறைவு என்பதால் கிருமி இங்கே மெதுவாகத்தான் பெருகுகிறது. பென்சிலின் வகை மருந்துகளோ, கிருமி பெருகும்போது புதிதாகச் சுவர் எழுப்புமே, அப்போது பார்த்து அடிப்பவை. எதிரி சோம்பேறியாக இருந்தால் அடியும் மெதுவாகத்தான் விழும்.

போதாக்குறைக்கு, நோய் முற்றும்போது தண்டுவட நீரில் அமிலத்தன்மை ஏறுகிறது. ஜென்டாமைசின் வகை மருந்துகள் இந்த நீருக்குள் வருவதே குறைவு. வந்ததும் அமிலத்தில் வீரியம் இழக்கும். அதனால்தான் வேறு இடங்களில் நன்றாக வேலை செய்யும் அந்த ஊசியை மட்டும் நம்பி இந்த நோயில் இறங்குவதில்லை.

காய்ச்சல் விட்டதும் கதவு சாத்துகிறது!

இப்போது முதல் கேள்விக்கு வருவோம்.

மூன்று, நான்கு நாள் ஊசியில் காய்ச்சல் விடுகிறது. கழுத்து விறைப்பு தளர்கிறது. பிள்ளை சிரிக்கிறான். மூளை உறையின் வீக்கம் வற்றுகிறது என்று அர்த்தம். சந்தோஷம்தான். ஆனால் வீக்கம் வற்ற வற்ற, திறந்திருந்த கதவும் மூடிக்கொண்டே வருகிறது. நின்றிருந்த பம்ப் மறுபடி ஓடத் தொடங்குகிறது. முதல் நாள் போட்ட அதே அளவு ஊசியைப் போட்டாலும் இப்போது உள்ளே போவது குறைவு!

நோயாளி பார்வைக்குத் தேறி நிற்கும் நாள்தான், மருந்து உள்ளே போகக் கஷ்டப்படும் நாள். அன்றைக்குப் பார்த்து ஊசியை நிறுத்தினால், மாத்திரைக்கு மாறினால், ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி. அதனால்தான் டாக்டர்கள் அளவைக் குறைக்காமல் கடைசி நாள் வரை ரத்தக் குழாயிலேயே போடுகிறார்கள்.

எத்தனை நாள் என்பது கிருமியைப் பொறுத்தது. மெனிங்கோகாக்கஸ் என்றால் 5 முதல் 7 நாள். நிமோகாக்கஸ் என்றால் 10 முதல் 14 நாள். சில வகைக் கிருமிகளுக்கு 21 நாள். காதில் நாள்பட்டுச் சீழ் வடிந்து, அது மூளைக்குள் கட்டியாகிவிட்டால் 6 முதல் 8 வாரம்கூட ஆகும். 'பையனுக்குக் காதுல சீழ் வர்றது சகஜம்தானே' என்று எண்ணெய் காய்ச்சி விட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் இருக்காதீர்கள்.

சிலருக்கு ஆன்டிபயாடிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போடுவார்கள். சாகும் கிருமிகள் கக்கும் கழிவால் வீக்கம் கூடி மூளை கெடாமல் இருக்க இது. நெதர்லாந்து மருத்துவர்கள் தலைமையில் ஐரோப்பாவில் 301 பெரியவர்களிடம் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 15 ஆக இருந்த சாவு, 7 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் வீக்கம் குறைந்தால் கதவு குறுகும் என்றேனே? வான்கோமைசின் போன்ற சில மருந்துகள் உள்ளே போவது இதனால் குறையலாம். யாருக்கு, எந்த மருந்தோடு, எப்போது கொடுப்பது என்பதை டாக்டர் எடைபோட்டுத்தான் முடிவு செய்வார். இதில் நாம் தலையிட இடமில்லை.

டி.பி. மூளையைத் தொட்டால்...

நம் நாட்டில் இதையும் சொல்லாமல் விடக் கூடாது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. மூளை உறையையும் பிடிக்கும். இது தடாலடியாக வராது. வாரக்கணக்கில் லேசான காய்ச்சல், விடாத தலைவலி, பசியின்மை, இளைப்பு, பிள்ளையின் சுபாவத்திலேயே ஒரு மாற்றம் என்று மெல்ல வரும்.

1940-களின் பிற்பகுதியில் இதற்கு ஸ்ட்ரெப்டோமைசின்தான் கதி. அது உள்ளே சரியாகப் போகாததால் குழந்தைகளுக்கு முதுகுத் தண்டு வழியாகவும் திரும்பத் திரும்ப ஊசி போட்டார்கள். 1952-ல் ஐசோனியாசிட் வந்த பிறகுதான் விடிவு காலம். சாதாரண மாத்திரை, ஆனால் ரத்தத்தில் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட தண்டுவட நீரிலும் வந்துவிடும்! பைரசினமைடும் அப்படியே. ரிஃபாம்பிசின் உள்ளே போவது கொஞ்சம்தான். எத்தாம்பியூட்டால் வீக்கம் இருக்கும்வரை ஓரளவு போகும்.

அதனால்தான் நுரையீரல் டி.பி.க்கு வழக்கமாக 6 மாதம் என்றால், மூளை உறை டி.பி.க்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதம் வரை மருந்து. இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும். 'சூடு பண்ணுது, வயிற்றைப் புரட்டுது' என்று அப்போது நிறுத்தினால், திரும்பி வரும் நோய் மருந்துக்கு மசியாது. அரசு மருத்துவமனைகளில் இந்த மருந்து இலவசம். இதோடு வேறு எந்த மருந்து சாப்பிட்டாலும், எங்கள் சித்த மருந்தாகவே இருந்தாலும், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும்.

முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் போய்விடுமா?

போகாது! தண்டுவடம் முதுகெலும்பின் கடைசி வரை இறங்குவதில்லை. பெரியவர்களுக்கு இடுப்பு எலும்பு வரிசையில் முதல், இரண்டாவது எலும்பருகே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்று, நான்கு, ஐந்தாவது எலும்புகளின் இடைவெளியில். அங்கே நரம்பு இழைகள் நீரில் மிதக்கும். ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். ஜெர்மனியில் குவிங்கே என்ற மருத்துவர் 1891-லேயே வெளியிட்ட முறை இது.

'தண்ணி எடுத்தா மூளை வற்றிப் போயிடாதா?' எடுப்பது 5, 10 மில்லிதான். மணிக்கு 20 மில்லி ஊறுகிறது. நீங்கள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் நிரம்பிவிடும்! சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தாலோ, ரத்தம் உறைவதில் கோளாறு இருந்தாலோ டாக்டரே தள்ளி வைப்பார், முதலில் ஸ்கேன் எடுப்பார். அதற்காக முதல் ஊசி மருந்தைத் தாமதிக்க மாட்டார்கள்.

அந்தச் சில மில்லி நீர் எத்தனை சேதி சொல்கிறது தெரியுமா? கலங்கலாக இருந்து, சர்க்கரை குறைந்து, புரதம் ஏறியிருந்தால் சீழ்க்கிருமி. டி.பி.யா, வைரஸா என்பதற்கும் அதில் தடயம் இருக்கும். வைரஸ் என்றால் ஆன்டிபயாடிக்குக்கே வேலை இல்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிந்தால்தான் சரியான மருந்தைச் சரியான நாள் கொடுக்க முடியும். கையெழுத்துப் போட மறுத்து டாக்டரின் கண்ணைக் கட்டிவிடாதீர்கள்.

அதேபோல, காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் நாலு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்து. அந்த அளவு, கிருமியைக் கொல்லப் போதாது. ஆனால் சோதனையில் கிருமி வளராமல் மறைத்துவிடும். நோயும் தீராது, பெயரும் தெரியாது.

கஷாயம் காய்ச்சும் நேரமல்ல

கடும் காய்ச்சலோடு பிதற்றலும் வலிப்பும் வந்தால் எங்கள் வைத்தியத்தில் 'சன்னி' என்போம். வீடுகளில் 'ஜன்னி' என்பார்கள். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: இந்த நிலையில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள். பற்றுப் போடாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். வண்டி பிடியுங்கள்! பாக்டீரியாவால் வரும் இந்த நோயில் 6 பேருக்கு ஒருவர் இறக்கிறார், 5 பேரில் ஒருவருக்குக் காது கேளாமை போன்ற கடும் குறைகள் தங்குகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

குணமாகி வீடு திரும்பிய பிறகு உடம்பைத் தேற்றக் கஞ்சி, பத்தியம், பலத்துக்கான மருந்து எல்லாம் இருக்கவே இருக்கிறது. அதற்கு எங்களிடம் தாராளமாக வாருங்கள்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

* காய்ச்சலோடு கடும் தலைவலி, வாந்தி. முகவாயை மார்பில் தொட முடியாத கழுத்து விறைப்பு.
* வெளிச்சம் பார்த்தால் கண் கூசுதல், தூக்கக் கலக்கம், பிதற்றல், வலிப்பு.
* கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தல், பால் குடிக்காமை, வீறிட்டழுதல். இவர்களுக்குக் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம்.
* தோலில் ஊதாப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரால் அழுத்தினாலும் மறையாதவை.
* வயதானவர்களுக்குக் காய்ச்சல் குறைவாக இருந்து, குழப்பம் மட்டும் இருக்கலாம்.

வராமல் காக்க

* பிறந்ததும் பி.சி.ஜி. குழந்தைகளுக்கு வரும் மூளை உறை டி.பி.யைத் தடுப்பதில் இதன் பங்கு பெரிது.
* 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி. இதில் ஹீமோஃபிலஸ் கிருமிக்கான மருந்தும் உண்டு. 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் இதை இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளாவும்தான்.
* 6, 14-வது வாரங்களிலும் 9-வது மாதத்திலும் நிமோகாக்கஸ் தடுப்பூசி. தமிழ்நாட்டில் 2021 முதல் அரசு இலவசமாகப் போடுகிறது.
* காதில் சீழ் வந்தால் காது மருத்துவரிடம் காட்டி முழுசாகக் குணப்படுத்துங்கள்.

தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன ஊசி இருந்தால், இந்த வாரமே பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்.